எட்டாவது இருக்கை

ஔலு, 7 பிப்ரவரி 2009

எஸ்கோ,

நேற்று நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். "மவுஸ் சத்தம் கேக்குது மெர்வி. ஆடிக்கிட்டே பேசுறியா? முடிச்சிட்டுக் கூப்பிடு" என்றாய். ஆடிக்கொண்டுதான் இருந்தேன், மறுக்கவில்லை. திரையில் இருந்த கடைசி மூன்று போக்கர் மேசைகளை மூடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் இந்தக் காகிதம். பேனா பிடித்த கையால் மவுஸைப் பிடிக்க முடியாது. கணினியை மூடி அதன் மேல் காபிக் கோப்பையை வைத்திருக்கிறேன். நீ இங்கே இருந்தால் அதற்கும் திட்டியிருப்பாய்.

முதலில் அந்த ஜனவரிக் காலையைப் பேசித் தீர்த்துவிடலாம். நான் பின்னறையில் எட்டு மேசை திறந்து வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். நீ கதவருகே வந்து நின்று, நார்வேயில் ஆறு மாத வேலை வந்திருக்கிறது, ஹம்மர்பெஸ்டில், போகட்டுமா என்று கேட்டாய். நான் "ம்ம்" என்றேன். இது உன் தரப்பு. என் தரப்பு என்னவென்றால், ஹம்மர்பெஸ்ட் என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. வானிலை அறிக்கையில் ஏதோ சொல்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மேசையில் ஒரு பிரேசில்காரன் என் மொத்தக் காசுக்கும் பந்தயம் வைத்திருந்தான். நான் யோசிக்க இருபது விநாடிதான் இருந்தது. அந்த "ம்ம்" அவனுக்கானது, உனக்கானதே இல்லை.

மறுநாள் நடையில் உன் பெட்டி நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அப்போதாவது போகாதே என்று சொல்லியிருக்கலாம். "கேட்டப்ப சரின்னு சொன்னியே" என்று நீ சொன்ன விதத்தில் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. போய்த் தொலை என்று நினைத்தேன், போய்விட்டாய்.

நீ போன பிறகு எட்டு மேசை பன்னிரண்டு ஆயிற்று, பன்னிரண்டு பதினாறாயிற்று. வீடு அமைதியாக இருக்கும்போது திரை நிறைய ஏதாவது அசைந்தால் நன்றாக இருக்கிறது. பதினாறு மேசை என்றால் நான் ஆடவில்லை, வெறுமனே பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியும். போன வாரம் நல்ல சீட்டு வைத்திருந்த மேசையில் அதைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்து மேசையில் குப்பைச் சீட்டுக்குப் பந்தயம் கட்டினேன். ஐந்து வருடத்தில் இப்படி ஆனதே இல்லை.

உன் சாம்பல் ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அனுப்பமாட்டேன்.

மெர்வி


ஹம்மர்பெஸ்ட், 16 பிப்ரவரி

அன்புள்ள மெர்வி,

மூன்று முறை கேட்டேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. முதல் தடவை "ம்ம்". இரண்டாவது தடவை "ம்ம்". மூன்றாவது தடவை, "மெர்வி, நெஜமாவே போகட்டுமா?" என்று கேட்டபோது, "சரி சரி" என்றாய். அதுவும் பிரேசில்காரனுக்கா? அவனுக்கு நம் மொழி தெரியுமா?

எங்கோ இருக்கிற ஒருவனுக்குப் பதில் சொல்ல எத்தனை விநாடி இருந்தது என்று உனக்குத் தெரிகிறது. கதவில் நின்றவன் முகத்தை நீ திரும்பிப் பார்க்கவில்லை. என் கோபம் அதுதான். வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்குப் பெரிதாக இல்லை. நீ "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்.

சரி, திட்டியாயிற்று. இப்போது நலம். புது மீன் ஆலைக்குக் காற்றுக் குழாய் மாட்டுகிறோம். எனக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட், அதனால் காலை முழுக்கச் சும்மா இருக்கிறேன். என் அறையில் உர்மாஸ் என்று ஒரு எஸ்தோனியாக்காரன். நல்லவன், ஆனால் காலை ஏழு மணிக்கே மீன் வறுக்கிறான். என் தலையணையே காட் மீன் வாடை அடிக்கிறது. இங்கே எல்லோரும் பழுப்பு நிறத்தில் இனிப்பாக ஒரு பாலாடைக்கட்டி சாப்பிடுகிறார்கள். அதைப் பற்றி எழுதி உன்னை வருத்த விரும்பவில்லை.

பதினாறு மேசை வேண்டாம். எனக்கு இந்த ஆட்டமே தெரியாது, ஆனால் உன்னைத் தெரியும். நீ மூன்று பாத்திரத்தை ஒன்றாக அடுப்பில் வைத்தால் ஒன்று நிச்சயம் கருகும். அப்படியிருக்க எட்டு மேசையை எப்படிப் பார்க்கிறாய்? கிண்டலாகக் கேட்கவில்லை. ஐந்து வருடமாகக் கேட்காமலே இருந்துவிட்டேன். மக்குக்குச் சொல்கிற மாதிரி எழுது.

ஸ்வெட்டர் உன்னிடமே இருக்கட்டும்.

எஸ்கோ


ஔலு, 25 பிப்ரவரி

என் மக்கு எஸ்கோவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று முறை கேட்டாய் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மன்னித்துக்கொள். இதை வாயால் சொல்ல வந்தால் நான் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால் எழுத்தில் சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

நேற்று நோன்புக்கு முந்தைய செவ்வாய் இல்லையா, க்ரீம் பன் வாங்கினேன். பழக்க தோஷத்தில் இரண்டு. இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

எட்டு மேசையை எப்படிப் பார்க்கிறேன் என்றால், பார்ப்பதில்லை. அதுதான் ரகசியம். வரும் சீட்டில் பத்துக்கு எட்டைப் பார்த்த நொடியே கவிழ்த்துவிடுவேன். எந்த இடத்தில் உட்கார்ந்தால் எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்கிறேன். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் ஆசை வந்துவிடும். "இந்த ஒரு தடவை" என்று கை போகும். ஆக, வேலையில் பாதி விடுவது, மீதிப் பாதி காத்திருப்பது. ஆடுவது என்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் நாலைந்து நிமிடம்தான்.

எத்தனை மேசை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, எந்த மேசையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். எங்கே தடுமாறுகிறேனோ அந்த மேசையை மூடிவிடுவேன். முந்தாநாள் சோதித்ததில் நாலுக்கு மேல் தாண்டவில்லை. அதனால் இப்போது நாலுதான். கௌரவம் பார்க்கவில்லை.

பசியோடு உட்காரமாட்டேன். அழுத பிறகு உட்காரமாட்டேன். மணிக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னலோரம் போய் ஆற்றைப் பார்க்க வேண்டும், பனிக்கட்டியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்றாலும். பேச்சுப் பெட்டியைத் திறக்கவே கூடாது. மேசையில் ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஒரு மூலையில் சின்னப் பெட்டி இருக்கும். அங்கே வருகிற பாதிப் பேர் வாய்க்கொழுப்புக்காரர்கள். தோற்றால் திட்டுவார்கள், ஜெயித்தால் சீண்டுவார்கள். முதல் வாரமே அதை மூடினேன், இன்றுவரை திறக்கவில்லை. சனிக்கிழமை ஆடுவதில்லை. அந்த வாரத்து ஆட்டங்களின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே புத்தி பிசகினேன் என்று பார்ப்பேன். உன்னோடு சௌனா நீராவிக் குளியலுக்கு வராமல் சனி காலை என்ன செய்தேன் என்று கேட்பாயே, இதுதான்.

இதையெல்லாம் நீ கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் இன்னும் "மெர்வி கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்றுதானே சொல்கிறாய்.

மெர்வி


ஹம்மர்பெஸ்ட், 8 மார்ச்

அன்புள்ள மெர்வி,

சின்னக் கடிதம்தான், உர்மாஸ் இஸ்திரிப் பெட்டியைத் தேடி என் மெத்தையைக் கவிழ்க்கிறான்.

நீ எழுதியதை அவனுக்கும் படித்துக் காட்டினேன். அவனுக்கு நம் பாஷை அரைகுறையாகப் புரியும். ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னான். நீ ஆடுவது எந்தத் தளம்? ஒரு மேசைக்கு எத்தனை இருக்கை? நம் நேரப்படி எத்தனை மணிக்குத் தொடங்குவாய்? அவனுக்குத்தான் தெரிய வேண்டுமாம், எனக்கில்லை.

நாலு மேசை நல்ல எண்ணிக்கை. நாற்காலிக்கே நாலு கால் போதுகிறது.

எஸ்கோ


ஔலு, 29 மார்ச்

எஸ்கோ,

உர்மாஸின் சந்தேகங்களுக்குப் பதில் உன் கடிதம் வந்த அன்றே போனில் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். கிடைத்ததா என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, சனி ஞாயிறு தவிர, என்று மறுபடி சொல்லிவிடு. அவனை ஆட விடாதே. மீன் வறுக்கிற பொறுமை இதற்குப் போதாது.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அட்டை நாலு நாள் கழித்து வந்தது. தபாலைக் குறை சொல்லிக்கொள். செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரு ஆள் வாழ்த்தவில்லை. சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள், அவளும் கேக் செய்முறை கேட்கத்தான் கூப்பிட்டாள், நடுவில் ஞாபகம் வந்து வாழ்த்தினாள். நான் ஒன்றும் குழந்தை இல்லை. இருந்தாலும் கொஞ்சம் அழுதேன், விதிப்படி அன்று அதற்குப் பிறகு ஆடவில்லை.

மற்றபடி ஆட்டம் நன்றாகப் போகிறது. நாலு மேசை, மூன்று மணி நேரம், எழுந்துவிடுகிறேன். தலை தெளிவாக இருக்கிறது. சமீபமாக ஒரு வேடிக்கையான ஆள் வருகிறான். பெயர் கீஸ்கி. தூண்டிலில் மாட்டினால் நீ திட்டிக்கொண்டே திருப்பிப் போடுவாயே, அந்த முள்ளு மீன். நம் நாட்டில் பாதிப் பேர் மீன் பெயரில்தான் ஆடுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் சரியாக ஒன்பது மணிக்கு வருவான். எட்டாவது இருக்கை காலியாக இருந்தால் அதில்தான் உட்காருவான். நான் பந்தயம் வைத்தால் போதும், கையில் என்ன இருந்தாலும் கூடவே காசு போட்டுக்கொண்டு கடைசிவரை வருவான். மற்றவர்கள் வைத்தால் கவிழ்த்துவிடுகிறான், என்னிடம் மட்டும்தான் இந்தப் பிடிவாதம். ஆளாளுக்கு ஒரு குறிப்பு எழுதி வைப்பது என் வழக்கம். அவனுக்கு, "விடவே மாட்டான். பூச்சாண்டி காட்டாதே, நல்ல சீட்டு இருந்தால் மட்டும் அடி" என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிப்பட்டவன் வந்தால் எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். ஆனால் ஏனோ இவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஒரு நாள் வரவில்லை என்றால் உடம்பு சரியில்லையோ என்று நினைக்கிறேன். உனக்குச் சிரிப்பு வரும்.

உன் மெர்வி


ஹம்மர்பெஸ்ட், 7 ஏப்ரல்

அன்புள்ள மெர்வி,

சிரிப்பு வரவில்லை. அவன் பாவமாகத்தான் இருப்பான் என்று எனக்கும் தோன்றுகிறது.

ஒரு விஷயம். எங்கள் மேலாளர் ஒட்வார் நேற்று என்னைக் கூப்பிட்டார். ஆலை முடிந்ததும் வடக்கே இன்னும் இரண்டு கட்டடம் இருக்கிறதாம். இரண்டு வருட ஒப்பந்தம். தனி வீடு தருவார்கள். ஏப்ரல் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். "யோசிச்சு சொல்லு எஸ்கோ. பொண்டாட்டிகிட்ட கேக்கணுமா?" என்றார். "கேட்டுப் பழக்கம் விட்டுப் போச்சு" என்றேன். அவர் சிரித்தார். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

மெர்வி, நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டு, பதிலை எதிர்பார்த்துக் கதவில் நிற்பது எனக்கு இனிமேல் முடியாது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. உனக்கு நான் இல்லாமல் ஆட்டம் ஒழுங்காகப் போகிறது, தலை தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது நல்லதுதானே என்று நினைத்தேன். அப்புறம் ஷிப்டில் ஒரு குழாயைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

ஈஸ்டருக்கு அந்தக் கறுப்புக் களி செய்வாயா? இங்கே கிடைக்காது. உர்மாஸிடம் அது எப்படி இருக்கும் என்று விவரித்தேன், இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்துவிட்டான்.

எஸ்கோ


ஔலு, 18 ஏப்ரல், சனிக்கிழமை

எஸ்கோ, என் எஸ்கோ,

அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நாலு மேசை திறந்திருந்தன. ஆட்டம் முடியும்வரை உறையைத் தொடக் கூடாது என்று எனக்கே கட்டளை போட்டிருந்தேன், அதை மீறிப் பிரித்தேன். இரண்டு வருடம் என்ற இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த நிமிடமே எல்லாவற்றையும் மூடியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, கையில் ஒன்றுமே இல்லாமல், எதிரில் இருந்த கீஸ்கியிடம் என் காசு முழுவதையும் வைத்துப் பூச்சாண்டி காட்டினேன். அவனிடம் அதைச் செய்யாதே என்று என் குறிப்பே திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் ஒரு ஜோடி மூன்றை வைத்துக்கொண்டு கூடவே வந்தான், ஜெயித்தான். நான் மவுஸைச் சுவரில் எறிந்தேன். சுவரில் ஒரு பள்ளம் இருக்கிறது, வந்து பார்.

இன்று பதிவுகளைத் திறந்தேன். எழுத்துப் பதிவு என்பதால் சீட்டு, பந்தயம் எல்லாம் வரிவரியாக இருக்கும். வழக்கமாக நடுவில் இருக்கும் எதையும் படிக்காமல் எண்களை மட்டும் பார்ப்பேன். இன்று புத்தி பிசகிய இடத்தை மெதுவாகப் படித்தேன். அந்த ஜோடி மூன்றுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: கீஸ்கி சொன்னது, "ஏன்டி இவ்ளோ கோபம்? போய் ஏதாவது சாப்பிடு."

மேசையில் பேசுவதும் பதிவாகும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஐந்து வாரப் பதிவையும் தோண்டினேன். எல்லாம் இருக்கிறது. போன் செய்யலாம்தான். ஆனால் நீ எழுதினாய், நானும் எழுதித்தான் பதில் சொல்வேன், ஒன்று விடாமல்.

மார்ச் 13. "குட் மார்னிங் மெர்வி. எட்டாவது இருக்கையில நான்தான்." குட் மார்னிங் எஸ்கோ. நான் அப்போது உன்னைப் பார்த்து, புது ஆள், சீட்டுப் பிடிக்கவே தெரியவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 17. "எங்க வாசப்படியில ஒரு கலைமான் படுத்திருக்கு. வேலைக்கு எப்படிப் போறதுன்னே தெரியல." தாண்டிப் போ. உதைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போ. இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்.

மார்ச் 20. "சாப்டியா?" இல்லை. அன்று காபி மட்டும்தான்.

மார்ச் 24. "இன்னிக்கு இவளுக்குப் பிறந்தநாள். இந்த மேசையில யாருக்காவது தெரியுமா?" அதற்கு, துர்க்கு ஊரிலிருந்து பல நாளாக எங்கள் மேசைக்கு வரும் ஒரு பல் டாக்டர், "வாழ்த்துகள் மெர்வி! கேக் எங்க?" என்று எழுதியிருக்கிறார். ஒரு டச்சுக்காரர் யார் மெர்வி என்று கேட்டிருக்கிறார். நீ சொன்னதும் அவரும் வாழ்த்தியிருக்கிறார். மேசை முழுக்க, எஸ்கோ, ஒன்பது பேரில் ஆறு பேர் என்னை வாழ்த்தியிருக்கிறார்கள். நான் அவர்கள் காசை வழித்து எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதன் பிறகு உனக்குக் கடிதம் எழுதி, ஒருவருமே வாழ்த்தவில்லை என்று அழுதிருக்கிறேன்.

ஏப்ரல் 3. "அந்த மூலையில இருக்கிற பெட்டியக் கொஞ்சம் தெறயேன்." டாக்டர்: "மேடம், ஒரு வார்த்தை பேசிடுங்க. பாவம், மனுஷன் மூணு வாரமா பேசிட்டிருக்காரு."

ஏப்ரல் 14. சாப்பிட்டேன். ரொட்டி, முட்டை, உன் கறுப்புக் களி. உனக்காகத்தான் செய்தேன்.

நேற்று, 17. நீ வந்தாய், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய், ஒன்றும் எழுதவில்லை. எல்லா வரியிலும் எனக்குத் தாங்க முடியாதது இந்த ஒன்றும் இல்லாததுதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். கணினி இந்த அறையிலேயே இல்லை, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே. எனக்கு நீ வீட்டில் வேண்டும். ஆட்டம் ஒழுங்காகப் போவது நீ இல்லாததால் இல்லை. உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று பதினொரு மணிக்கு எழுந்துகொள்கிறேன், அதனால்தான். நீ என்னைக் கேட்க வேண்டாம், நான் சொல்கிறேன். வா.

இன்னொன்று. கணவனும் மனைவியும் தெரிந்தே ஒரே மேசையில் ஆடுவது பெரிய தப்பு. கூட்டுக் களவாணித்தனம் என்பார்கள். அதுவும் நீ எனக்குக் காசைக் கொட்டியிருக்கும் அழகுக்கு இரண்டு பேரையும் வெளியே தள்ளலாம். நடந்ததை அப்படியே தளத்தை நடத்தும் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். என் பிழைப்பே போனாலும் போகட்டும், மறைக்க எனக்கு முடியாது. மக்கு, மக்கு, மக்கு.

எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன்.

மெர்வி


ஹம்மர்பெஸ்ட், 23 ஏப்ரல்

அன்புள்ள மெர்வி,

ஒட்வாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "என்ன ஆச்சு?" என்றார். "என் பொண்டாட்டி ஒரு முழு வார்த்தை சொல்லிட்டா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த வியாழக்கிழமையோடு வேலை முடிகிறது. சனிக்கிழமை, மே இரண்டு, மதிய பஸ்ஸில் அங்கே இருப்பேன்.

தப்பு என்று தெரியாது, சத்தியமாக. உன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்திருந்தால் கிட்டேயே வந்திருக்கமாட்டேன். தொடக்கத்தில் வீம்பில்தான் வந்தேன். அப்படி என்னதான் இருக்கிறது, என் முகத்தை விட, என்று பார்க்க. உர்மாஸின் கணினியில் உன் பெயரைத் தேடினால் எந்த மேசை என்று காட்டிவிடுகிறது. உட்கார்ந்தேன். முதல் வாரம் உன் மேல் இன்னும் கோபம் வந்தது. பெட்டியில் எழுதுகிறேன், எழுதுகிறேன், கல் மாதிரி இருக்கிறாய். அப்புறம் நீ பெட்டியை மூடி வைத்திருப்பதாக எழுதியது ஞாபகம் வந்தது. கடிதத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று சொல்லவில்லை. நீயாகத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். அது என் வீம்பு.

ஆனால் மெர்வி, எதிரில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது நீ எப்படிப்பட்டவள் என்று. டாக்டர் கத்துகிறார், டச்சுக்காரர் கெட்ட வார்த்தை பேசுகிறார், ஒருவன் தோற்றுவிட்டு மேசையை விட்டே ஓடுகிறான். நீ அசையவே மாட்டேன் என்கிறாய். கவிழ்க்கிறாய், கவிழ்க்கிறாய், கவிழ்க்கிறாய். அம்மாவுக்குப் போன் செய்து, மெர்வி போக்கர் ஆடுகிறாள், அதில் கெட்டிக்காரி, அதுதான் அவள் வேலை என்று சொல்லிவிட்டேன். அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஒழுங்கா சாப்புடுறாளா?" என்று கேட்டாள்.

நான் ஏன் சீட்டைக் கவிழ்க்கவில்லை என்று உனக்குப் புரிந்ததா? உர்மாஸ் தலையில் அடித்துக்கொண்டான், விட்டுடு விட்டுடு என்று. நீ பந்தயம் வைத்தால் மற்றவர்கள் எல்லாம் விட்டுவிடுவார்கள். நானும் விட்டால் நீ அடுத்த மேசைக்குப் போய்விடுவாய். காசு போட்டால், கடைசிச் சீட்டு வரும்வரை நீயும் நானும் மட்டும்தான். சில சமயம் முப்பது விநாடி. அவ்வளவு நேரம் நீ என்னைப் பற்றி மட்டும் யோசித்தாய். அதற்காகத்தான்.

அடுத்த வியாழன், முப்பதாம் தேதி, உன் நேரப்படி ஒன்பது மணிக்கு வருகிறேன். ஆடமாட்டேன், "ஆடவில்லை" பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீயும் அழுத்து. பெட்டியைத் திற.

எஸ்கோ


ஔலு, 30 ஏப்ரல்

எஸ்கோ,

இந்தக் கடிதம் ஹம்மர்பெஸ்ட் போய்ச் சேரும்போது நீ இங்கே இருப்பாய். உர்மாஸ் திருப்பி அனுப்பட்டும். அவன் படிப்பான் என்பதால் கண்ணியமாக எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து நேற்று பதில் வந்தது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி, இனி இருவரும் ஒரே மேசையில் ஆடக் கூடாது, அவ்வளவுதான். அது வரும்வரை அவ்வளவு பயந்திருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து வழக்கம்போல எட்டிலிருந்து பதினொன்று. நீ கதவில் வந்து நின்றால் நான் கேட்கமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எட்டு மேசையோ நாலு மேசையோ, அந்த மூன்று மணி நேரம் நான் செவிடுதான். பதினொன்றுக்கு மேல் வா, கேள், என்ன வேண்டுமானாலும் கேள்.

இன்று காலை நீ அந்தப் பக்கம் இருந்ததால் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. ஒரே ஒரு மேசை திறந்தேன். திரை காலி மைதானம் மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்தேன். டாக்டர், "வந்துட்டாங்கப்பா!" என்று எழுதியதை நீயும் பார்த்தாய். நம் இரண்டு பேர் பெயரும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. சீட்டு நம்மைத் தாண்டித் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. நீ ஒற்றை விரலால் தட்டுகிறவன், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஆகிறது. என் வலது கை பழக்கத்தில் எதையாவது அழுத்தத் தேடியது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். நல்ல சீட்டுக்காக நான் நாள் கணக்கில் காத்திருந்திருக்கிறேன், மூச்சுகூட மாறாது. நீ அடுத்து என்ன எழுதப் போகிறாய் என்று காத்திருந்தபோது நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது.

ஆடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால் இருக்கையைப் பிடுங்கிவிடுவார்கள். முதலில் உன் பெயர் போயிற்று, பிறகு என் பெயர். வேறு மேசை திறக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். என் கணவர் சனிக்கிழமை வடக்கிலிருந்து வரும் மதிய பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் தாளைப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாலாம் நம்பர். ஆனா உங்க ஆள் வர்றது நாளன்னிக்குத்தானேங்க?"

"தெரியும்" என்றேன். நாலாம் நம்பருக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மெர்வி